கூடையில் ஏறாத ஊசி

ஆள் எதிரே வந்தால் இன்ஷிராஹ் முகத்தைப் பார்க்கமாட்டாள், புஜத்தைத்தான் பார்ப்பாள். அக்டோபரில் கடல் காற்று குளிரத் தொடங்கிவிட்டால் போதும், அலெக்சாண்டிரியாவின் அந்தச் சந்தில் யாரும் அவளுடைய மருந்துக்கடையைச் சும்மா தாண்டிப் போய்விட முடியாது. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கில்ல? உள்ள வாங்க, சட்டைக் கையை மடிச்சு விடுங்க." தலைவலி மாத்திரைக்கு வந்த மீன்காரர் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டுதான் போவார். "ஆச்சு" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் குத்துவாள். மருந்துக்கடைக்காரியையும் டாக்டரம்மா என்றே கூப்பிடும் அந்த ஊரில், ஏமாற்றுக்காரி என்று அவளைத் திட்டாதவர்கள் கிடையாது.

கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே ரொட்டியும் அவித்த மொச்சையும் தின்பாள். நாள் முழுக்க ஊரார் கையைத் தொடுகிறவளுக்கு, கடை சாத்திய பிறகு தொட்டுப் பேச ஒருவரும் இல்லை. அது கொடுமைதான்.

எதிர்க்கட்டிடத்து நாலாம் மாடியில் ஹாஜி பையூமி இருக்கிறார். டிராம் ஓட்டி ஓய்ந்தவர், நுரையீரல் கெட்டவர். போன குளிர்காலத்தில் சாதாரணச் சளியில் ஆரம்பித்து ஆக்சிஜன் வைக்கும்வரை போய்த் திரும்பினார். இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று அவளுக்குத் தெரியும். மனைவி இறந்ததிலிருந்து அவர் யாரையும் உள்ளே விடுவதில்லை. காய்கறி, மாத்திரை எல்லாம் பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கும் கூடையில்தான் ஏறும்.

இன்றும் கூடை இறங்கியது.

"ஊசியை அதுல போடுங்க டாக்டரம்மா. நானே குத்திக்கறேன்."

"ஊசி என்ன வெங்காயமா ஹாஜி? நான் மேல வரேன்."

"வேணாம்மா. வீடு ஆள் பார்க்கற மாதிரி இல்ல."

"நான் வீட்டைப் பார்க்க வரல. உங்க கையைப் பார்க்க வரேன்."

கூடை வெறுமனே மேலே போயிற்று.

பக்கத்து மளிகைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முட்டி வலியோடு படியேறிக் கதவைத் தட்டினாள். வெகுநேரம் கழித்துச் சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது. முகம் தெரியவில்லை. சட்டையைத் தோள்வரை சுருட்டிய மெலிந்த கை ஒன்று இடுக்கு வழியே வெளியே வந்தது.

"பூனை வெளிய ஓடிடும். அதான் சங்கிலி," என்றது உள்ளிருந்து குரல்.

அந்த வீட்டில் பூனை இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"சரி ஹாஜி. பூனை பத்திரம்."

குத்தினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். இரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அவள் பஞ்சை எடுக்கவில்லை. அவரும் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.