தங்கையாவுக்கு மட்டும் சுட்ட நெருப்பு

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் தங்கையாவுக்கு அடுப்பு வேலை. குளிரில் ஊரே நடுங்கும்போது அவன் ஒருத்தன் வேர்த்துக்கொண்டு விறகு தள்ளுவான். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான். துரை கேட்டாலும் அப்படித்தான். அதனாலேயே பெண் பார்க்கப் போகிறவர்கள் அவனைக் கூட்டிப்போவதில்லை.

மனைவி நீலாவதிக்குப் பிள்ளை தங்கினால் பூக்குழி இறங்குவதாக மாரியம்மனுக்கு வேண்டியிருந்தான். ஜெயா பிறந்தாள். எழுபத்தெட்டாம் வருசத் திருவிழாவில் விரதம் இருந்து இறங்கியும்விட்டான். மறுநாள் பகல் பிள்ளைக்குக் காதுகுத்து, ஊருக்கே கறிச்சோறு என்று ஏற்பாடு.

குழியை விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று ஜனங்கள் கேட்டார்கள். பூமேல் நடந்த மாதிரி இருந்தது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

தங்கையா மட்டும், "சுட்டுச்சு" என்றான்.

அவ்வளவுதான். விரதத்தில் என்னத்தையோ தின்றிருக்கிறான், அதான் ஆத்தா சுட்டுவிட்டாள் என்று லயத்து வீடுகள் பூராவும் பேச்சு. விரதம் கெட்டவன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று கோயில் தலைவர் இராமையா கங்காணி சொல்லிவிட்டார். அவர் வராத வீட்டுக்கு யார் வருவார்கள்?

நீலாவதிக்கு ஆற்றாமை. "பூ மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா வாய் வெந்துடுமா? ஆத்தாளுக்காகச் சொல்றது பொய்யில சேருமா?"

"ஆத்தா முன்னாலயே பொய் சொல்லச் சொல்றியா?" என்றான்.

ஆடு ஒன்றும் தெரியாமல் கொல்லையில் கத்திக்கொண்டிருந்தது.

விடிந்ததும் கொப்புளத்துக்கு மருந்து போட, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகப் போனான். பெஞ்சு முழுக்க நேற்றுக் குழி இறங்கிய ஆட்கள். ஆளுக்கொரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரசர் அமிர்தலிங்கம் குனிந்து மஞ்சள் மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது கங்காணியின் கால்.

"என்னா கங்காணி, பூவுல முள்ளு இருந்துச்சா?" என்று கேட்டான் தங்கையா.

பெஞ்சே குலுங்கியது. கங்காணி விடவில்லை. "நான் பொய் சொல்லலடா. நடக்கும்போது சத்தியமா பூதான். வீட்டுக்குப் போய் சப்பாத்து மாட்டுறப்பதான் தெரிஞ்சுச்சு."

"எனக்கு முதல் அடியிலயே தெரிஞ்சுச்சு."

"அப்புறம் ஏன் ஓடல?"

"பிள்ளைக்கு வேண்டினதாச்சே. எப்படி ஓடுறது?"

மருந்து காயும்வரை கங்காணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட போடா. சுடுதுன்னு தெரிஞ்சே நடந்தியா நீ," என்றார். காலைக் கீழே இறக்கிக்கொண்டு, "எத்தனை மணிக்குடா சோறு?" என்று கேட்டார்.

உச்சிப்பொழுதில் கங்காணி முன்னால் நொண்ட, மற்றவர்கள் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்ததும், வரிசையாக மஞ்சள் உள்ளங்கால்கள். தண்ணீர் வைக்க வந்த நீலாவதி செம்பைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். ஜெயா வீறிட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி, பூ மாதிரிதான் இருக்கும்," என்று கங்காணி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.

கூடம் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். பிள்ளை அழ மறந்து எல்லோரையும் பார்த்து விழித்தது. அதற்குள் ஆசாரி மறு காதையும் குத்திவிட்டார்.