ஒரு அர்ஜென்ட் காலுக்குப் பிறகு

போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அக்காவின் கை எழவில்லை. எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளியூர் டெலிபோன் கால்களை அப்போது நாங்கள்தான் கையால் இணைத்துக் கொடுக்க வேண்டும். அக்கா என் பக்கத்து நாற்காலிக்காரர், பல வருஷம் மூத்த ஆபரேட்டர். “அக்கா, விளக்கு எரியுது,” என்றேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “யாரோ செத்துட்டாங்க. அதத்தான் சொல்லப் போறாங்க,” என்றார். நான் எட்டி எடுத்தேன். அரிசி மண்டிக்காரர் ஒருவர் வேலூருக்கு லாரி விசாரிக்கக் கேட்டார், அவ்வளவுதான்.

சில வாரங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த அர்ஜென்ட் கால் ஒன்றைப் பெரிய தெருவில் ஒரு வீட்டுக்கு அவர் இணைத்திருந்தார். லைன் சரியாகக் கிடைத்ததா என்று ஒரு நொடி கேட்பது எங்கள் வழக்கம். அந்த நொடியில்தான், மகன் லாரியில் அடிபட்டு இறந்ததை அந்தத் தாயிடம் சொன்னார்கள். அவள் போட்ட சத்தம் அக்காவின் காதிலேயே தங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு விளக்குக்கும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் போர்டு ஓயாது. மேலதிகாரியும் வந்து நிற்பார். அக்காவைப் பைத்தியம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வேலை போய்விடும். அக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு வரும் அழைப்புகளையும் நானே சேர்த்து எடுத்துக்கொண்டு, எப்போது பிடிபடுவோமோ என்று கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

சூப்பர்வைசர் அம்மா கவனித்துவிட்டார். கண்டிப்பானவர். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“எவ்ளோ நாளா இப்படி?”

“தூக்கமே இல்லீங்கம்மா. அந்தப் பொம்பள காதுல கத்திக்கினே இருக்கு,” என்றார் அக்கா. “என்னை எடுத்துருவாங்களா?”

“வேலை எங்கயும் போவாது. வேலூர்ல மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, நானே கூட வரேன். சொல்ல வேண்டியத அங்க சொல்லு. இங்க யாருக்கும் பதில் சொல்ல வேணாம்.”

இத்தனை வருஷம் கழித்து, போனவாரம் என் மகள் தன் கம்பெனியில் மனசு சரியில்லையென்றால் பேச ஒரு நம்பர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தச் சூப்பர்வைசர் அம்மா இருந்தார். அக்காவை உள்ளூர் நம்பர் விசாரிக்கும் மேசைக்கு மாற்றினார். கெட்ட செய்தி காதில் விழுந்தால் யாரும் எழுந்து வெளியே போகலாம், காரணம் கேட்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னார். தீபத்தன்று வந்த அதிகாரி, “சீனியர் ஆள ஏன் அங்க உக்கார வெச்சிருக்கீங்க?” என்றபோது நான் போர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எனக்கு அங்க ஆள் வேணும் சார்,” என்றார் அம்மா. அதிகாரி நகர்ந்துவிட்டார்.

சில மாதங்கள் வேலூருக்குப் போய்வந்தபின், அக்காவே கேட்டு, வெளியூர் இணைப்புக்கான டிரங்க் போர்டுக்குத் திரும்பினார். ஒரு மத்தியானம் அவர் முகம் வெளுத்தது. சாவுச் செய்திதான் என்று புரிந்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். இணைத்து முடித்து, ஹெட்செட்டைக் கழற்றினார். “அம்மா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்.”

சூப்பர்வைசர் அம்மா ஒன்றும் கேட்காமல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாசல் படியில் அக்கா அழுவது உள்ளே எங்களுக்குக் கேட்டது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.