ஆறாம் வகுப்புப் படிவத்தில் நான் எழுதியது

என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரை ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளி பொன்னேரியில். நாங்கள் குடியிருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், வரிசையாக எட்டு வீடுகள் உள்ள ஒரு இடத்தில். என் மனைவி சென்னையில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அதனால் கூட்டத்துக்கு நான்தான் போனேன்.

நான் கூட்டங்களுக்குப் போகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் போனால்கூடக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிடுவேன். இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில் கிரேனுக்குக் கீழே நிற்பது என் வேலை. ஆபரேட்டர் மேலே கூண்டுக்குள் இருப்பார். நான் கீழே கம்பிக் கட்டுகளில் சங்கிலியை மாட்டிவிட்டு, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவேன். அந்தச் சத்தத்தில் வாயால் பேசிப் பயன் இல்லை. இருபது வருடம் இப்படிப் பழகியதில் வெளியிலும் எனக்குப் பேச்சு குறைந்துபோயிற்று.

தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியில் பள்ளியின் நெறிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மணி அடிக்கும் முன் வகுப்பில் இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது. செய்த தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பையைத் தானே அடுக்க வேண்டும், சாப்பிட்ட இடத்தைத் தானே துடைக்க வேண்டும். "இனிமே இவங்க சின்னப் பசங்க இல்ல. நாம எதிர்பார்த்தாத்தான் அவங்க செய்வாங்க" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஏதோ போல இருந்தது. நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்தேன். ஆறாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். அந்த வருடம் பள்ளி திறந்த அன்று அப்பாவோடு கூலி வேலைக்கு வயலுக்குப் போனேன். பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வீட்டுக்கு வரவும் இல்லை. என்னை ஆறாம் வகுப்பில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். மேலே பள்ளி மாணவியிடம் எதிர்பார்ப்பவை அச்சடித்திருந்தன. அதற்குக் கீழே பள்ளி பெற்றோரிடம் எதிர்பார்ப்பவை. கடைசியில் "உங்கள் பிள்ளையிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?" என்று கேட்டு நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். முன் வரிசையில் ஒருவர் மகளைக் கூப்பிட்டு வைத்து அவளிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். நான் பேனாவைத் திறந்தேன்.

எங்கள் கம்பெனியில் வேலை தொடங்கும் முன் கிரேனுக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டும். கம்பி வடம், கொக்கி, பிரேக், சங்கிலி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "குறை" என்று ஒரு கட்டம். குறை இருந்தால் என்னவென்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுத வேண்டும். காலியாக மட்டும் விடக் கூடாது. விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்பார் எங்கள் சூப்பர்வைசர். மிச்சமுள்ள இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, கையெழுத்து போட்டு, தேதியும் ஷிப்டும் எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எழுத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்தான் இருக்கும்.

அன்றைக்கும் அதையே எழுதினேன். இல்லை. குறுக்கே ஒரு கோடு. கையெழுத்து, தேதி, ஏ ஷிப்ட். முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு வேலையைத் தப்பில்லாமல் முடித்த நிம்மதியில் ஸ்டேஷன் வரை நடந்தேன்.

மகள் தினமும் எங்கள் வரிசையில் இருக்கும் இரண்டு பெரிய பெண்களோடு மின்சார ரயிலில் போய்வந்தாள். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பேசுவாள். யார் அவள் பக்கத்தில் உட்காருகிறாள், எந்த டீச்சர் எப்படி நடப்பார், கவரைப்பேட்டையில் ஏறும் சுண்டல்காரர் எப்படிக் கூவுவார், எல்லாம் வரும். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு குறைந்து நின்றே போனது. வருவாள், முகம் கழுவுவாள், புத்தகத்தை விரித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவாள். இன்னா ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பாள். வளர்கிற பெண், இனி அப்படித்தான் இருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேர் இருக்கிற ஒற்றை அறையில் குக்கர் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும்தான் கேட்டன. மனைவி போன் செய்து "பாப்பா உன்கிட்ட பேசுறாளா?" என்று கேட்டபோது "பேசுறா, பேசுறா" என்றேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வந்தது. கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இன்னா நைனா, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"இன்னா கேக்கணும்?"

"கணக்குல முப்பத்தெட்டு."

"பாத்தேன். பரவால்ல உடு பாப்பா."

"உனக்கு எல்லாம் பரவால்லதான். நீதான் எழுதியே குடுத்துட்டியே."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். அந்தப் படிவங்களை எல்லாம் ஜூன் மாதமே வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் எல்லாருடையதையும் படித்திருக்கிறார்கள்.

"எல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமா? 'லக்கிடி நீ, உங்கப்பா ஒண்ணுமே கேக்கல. எங்கம்மா நாலு கோடு பத்தாம ஓரத்துல வேற எழுதிக்கீது'ன்னு. நானும் சிரிச்சிக்கினேதான் இருந்தேன்."

அவள் கார்டைப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் ஆபரேட்டரிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"அண்ணே, பசங்க ஸ்கூல்ல, புள்ளகிட்ட இன்னா எதிர்பாக்குறன்னு கேட்டு பேப்பர் குடுத்தா நீ இன்னா எழுதுவ?"

"நான் எங்க எழுதுனேன், ஊட்டுக்காரிதான் எழுதுனா. கலெக்டர் ஆவணும்னு. அவன் இன்னாடான்னா கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில குந்திக்கினு கீறான்." சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், நீ இன்னா எழுதுன?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

ஏ ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். அந்த வாரமே ஒருநாள் வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். பொன்னேரி வரும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'டீச்சர், அந்தத் தாளைக் கொடுங்கள், வேறு எழுதித் தருகிறேன்.' அவ்வளவுதான். என்ன எழுதுவது என்பது மட்டும் வரவில்லை. நன்றாகப் படிக்க வேண்டும் என்று எழுதலாம். ஆனால் அதை எந்தப் பிள்ளைக்கும் எழுதலாம்.

நான் போன நேரம் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் இருந்தார்கள். வகுப்பு டீச்சர் அறையில் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சின்ன வயது. சுவரில் நாற்பதுக்கு மேல் தாள்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ் அதிகாரி. "செல்போனைத் தொடக் கூடாது." "தம்பியை அடிக்கக் கூடாது." "நான் படிக்காததை இவள் படிக்க வேண்டும்." நடுவில் என்னுடையது வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு சொல், ஒரு கோடு. மேலே பெரிய எழுத்தில் பள்ளியின் நெறிகள். அதில் "செய்த தவற்றை ஒப்புக்கொள்வேன்" என்பதும் ஒன்று.

யாருடைய அப்பா என்று சொன்னதும் டீச்சர் எழுந்துவிட்டார்.

"நீங்கதானா சார் அது? உக்காருங்க. அன்னிக்கே ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டுனேன். இவ்ளோ பேர்ல நீங்க ஒருத்தர்தான் பிள்ளை தலையில எதையும் ஏத்தல. இப்படி ஒரு அப்பா கெடைக்கணும்னு கிளாஸ்லயும் சொன்னேன்."

நான் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

"அந்த 'ஏ ஷிப்ட்'டுதான் என்னன்னு புரியல சார்."

"அது... பழக்கம் டீச்சர்."

"ஓ" என்று சிரித்தார். பழக்கம் என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவருக்கு அது போய்ச் சேரவில்லை. வேறு ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டார். பாப்பா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்க வந்தேன் என்றேன். கணக்கு மட்டும் கொஞ்சம் பின்தங்கல் என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். படிகளில் இறங்கும்போது என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு மேல் அவள் அந்த இரண்டு பெண்களோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ எங்க இங்க?"

"சும்மாதான்."

கூட இருந்தவள் "உங்க நைனா இன்னாடி, ஒன்னக் கூட்டிக்கினு போவ வந்துக்கீறாரா? எல்கேஜி பாப்பா" என்று கிண்டல் செய்தாள். ரயில் வந்தது. அவர்கள் மூவரும் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். நான் பக்கத்துப் பெட்டியில் கதவருகே நின்றுகொண்டு வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் அந்தப் பெண்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் லாரிகள் நிற்கும் சாலை ஓரமாக நடந்தோம்.

"ஸ்கூலுக்கா வந்த?"

"ம்."

"எதுக்கு?"

"அந்தப் பேப்பர மாத்தலாம்னு."

"மாத்துனியா?"

"இல்ல. டீச்சர் நல்லா கீதுன்னு சொல்ட்டாங்க. எனக்கு வாய் வரல."

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"டீச்சருக்கு இன்னா தெரியும். செவுத்துல பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சி போச்சி. கிரேன் பேப்பர்ல போடுவியே, அதே கோடு. ஏ ஷிப்ட்னு வேற. என்னப் பத்திக் கேட்டதுக்கு நீ யோசிக்கவே இல்ல நைனா."

கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கிரேன் தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். பின்பக்கம் காலியாக இருக்கும். அவள் அதில்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். அவளுக்கு என் கோடு நன்றாகத் தெரியும். டீச்சர் பெரிய மனசு என்றார், கூடப் படிக்கிறவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். அது என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"ஆமா பாப்பா. யோசிக்கல. தப்புதான்" என்றேன்.

ஒரு டிரெய்லர் லாரி எங்களைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தாள்.

"சரி, இப்ப யோசிச்சி சொல்லு. இன்னா எதிர்பாக்குற?"

வீடு வரும்வரை யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வேலை இருந்தால் போதும், கிரேன் வடம் அறுந்து விழாமல் இருந்தால் போதும் என்றே இருந்துவிட்டேன்.

"தெரியல பாப்பா" என்றேன்.

அவள் பூட்டைத் திறந்தாள். அதற்குப் பிறகு வந்த மழை மாதங்கள் முழுக்க வீடு அப்படியேதான் இருந்தது. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் இல்லை.

அரையாண்டுக் கணக்குத் தாள் திருத்தி வந்தது. பேனாவையும் தாளையும் என் முன்னால் வைத்தாள். நாற்பத்தொன்று. நான் பேனாவை எடுக்கவில்லை. தாளைப் பிரித்து ஒவ்வொரு கணக்காகப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியாத கணக்கு. ஆனால் கழித்தலும் பெருக்கலும் எனக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தில் கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய இடத்தில் வாங்காமல் கழித்திருந்தாள். அடுத்த பக்கத்திலும் அதே தப்பு.

"இது உனக்குத் தெரிஞ்ச கணக்கு" என்றேன். "அவசரத்துல போட்டுக்கீற. நாப்பத்தொண்ணு பத்தாது."

"முன்னவிட ஜாஸ்தி நைனா!"

"ஜாஸ்திதான். பத்தாது. உன்னால இன்னும் முடியும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சோறு ஆனதும் கூப்பிட்டேன், வரவில்லை. அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு அவள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு தாளை எடுத்து அந்தக் கழித்தலைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ எடுத்தா பத்தும்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"அறுபது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"இல்ல, அறுபத்தஞ்சு" என்றேன்.