முர்தாக்கின் டேப்பும் ஹபோ மாமாவின் காதும்

எங்கள் தெருவில் 'டேப்' முர்தாக் என்றால்தான் அவனைத் தெரியும். ஜெருசலேம் நகரப் பேருந்தில் ஓட்டுநர். பழைய ஊரான ஸாக்கோவிலிருந்து, யூதர்களான எங்கள் அப்பாமார் பாத்திர பண்டங்களோடு கொண்டுவந்த பாட்டுகளையெல்லாம் கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு கிறுக்கு. கல்யாண வீடுகளில் கிழவிகள் முன்னால் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். பஸ்காப் பண்டிகைப் பாட்டு, விளக்குப் பண்டிகைப் பாட்டு, தாலாட்டு எதையும் விடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தான். நானும் இரண்டு வாங்கி, கேட்காமலே அலமாரியில் போட்டிருந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு அகப்படவில்லை. நாங்கள் பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நோன்பு தொடங்கும் மாலையில் ஜெப ஆலயத்தில் ஹபோ மாமா பாடும் மன்றாட்டு. மாமா கசாப்புக் கடை வைத்திருந்தவர், எண்பத்தொரு வயது. அந்த மெட்டு அவர் தொண்டையில் மட்டும்தான் மிச்சமிருந்தது. வேறு நாளில் பாடச் சொன்னால், "அன்னைக்கு மட்டும்தாண்டா அது வரும். மத்த நாள்ல பாடினா வெறும் சத்தம்," என்பார். அந்த நாளிலோ பொழுது சாய்ந்தபின் எந்த மிஷினையும் தொடக்கூடாது.

முர்தாக் ஒரு வழி கண்டுபிடித்தான். பொழுது சாயும் முன்பே பட்டனை அழுத்திவிட்டு அப்புறம் தொடாமல் இருந்தால் பாவமில்லையாம். முன்வரிசையில், மாமாவின் காலடிக்குப் பக்கத்தில், ஜெபச் சால்வைப் பைக்குள் ரெக்கார்டரை ஒளித்துவைத்து அழுத்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். சிரிக்கவும் செய்தேன்.

அன்றைக்கென்று பார்த்து, வேதச் சுருள் இருக்கும் பேழையை யார் திறப்பது என்று ஸகேன் வீட்டு அண்ணன் தம்பிக்குள் அரை மணி நேரம் சண்டை. கேசட்டின் ஒரு பக்கம் முக்கால் மணிதான் ஓடும். சண்டை ஓய்ந்து, மாமா கண்ணை மூடிப் பாட ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்க நிறுத்திய அந்த அமைதியில் டேப் ஓடி முடிந்து 'டக்' என்றது. மாமா திடுக்கிட்டு நெஞ்சைத் தொட்டார். புதிதாக மாட்டியிருந்த காது மிஷினின் பெட்டி அங்கேதான் இருந்தது. அதற்குமேல் பாட்டு வரவில்லை. விட்டுவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? புனித நாளில் கிழவர் மிஷினை மாட்டிக்கொண்டு வந்து பாட்டைக் கெடுத்துவிட்டார் என்று வாசலிலேயே பேச்சு. பெற்ற மகனே கடிந்துகொண்டான். மாமா மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, இனி நான் பாட முன்னால் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். முர்தாக் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். மறுநாள் முழுக்க நெஞ்சில் அடித்துக்கொண்டு பாவங்களை வரிசையாகச் சொன்னோம், இதைத் தவிர. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

முர்தாக்குக்குச் சோறு இறங்கவில்லை. கூடாரப் பண்டிகையின் மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனான். தெருவை ஒட்டிய முற்றத்தில், ஓலை வேய்ந்த கூடாரத்தில், மாமா இறைச்சி திணித்த குப்பே உருண்டை போட்ட சூப் குடித்துக்கொண்டிருந்தார். முர்தாக் குனிந்து காதோரம் விஷயத்தைச் சொன்னான். மாமா காதில் கையைக் குவித்து, என்ன என்று கேட்டார். கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

"கேக்கலடா. சத்தமா சொல்லு."

பக்கத்துக் கூடாரங்களில் கரண்டிச் சத்தம் நின்றது. முர்தாக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான். "மாமா, அந்தச் சத்தம் உங்க மிஷின் இல்ல. என்னோட டேப்பு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். பழி உங்க மேல விழுந்தப்போ வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

பால்கனியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா ஒரு கரண்டி சூப்பைக் குடித்து முடித்தார்.

"மொதல் தடவையே புரிஞ்சுதுடா. உன் உதட்டப் பாத்தாத் தெரியாதா? என்னைப் பேசினவங்க தெருவுலதானே இருக்காங்க. அவங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

முர்தாக் குலுங்கி அழுதான். அவனால் அழ முடிந்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மாமா அவன் தலையில் கைவைத்து உட்காரச் சொன்னார். பிறகு, கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பக்கம் திரும்பினார்.

"நீ அவன் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"நான் கவனிக்கல மாமா," என்றேன், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

என்னைச் சத்தமாகச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை.