லிசெல் பிறந்ததற்குச் சாட்சி

இலோய்லோ நகரத்து மகளிர் விடுதிக்கு மரிவிக் வந்தபோது மகள் லிசெலுக்கு ஆறு வயது. அதுவரை இருவரும் சந்தையில் ஒரு கருவாட்டுக் கடையின் கூரைக்கடியில்தான் படுத்தெழுந்தார்கள். விடுதியில் ஒரு வருடம்தான் தங்கலாம். அதற்குள் வேலை தேட வேண்டும், மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். லிசெல் பிறந்ததோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொட்டுகிற மழையில், ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்குள். பதிவு செய்ய இரண்டு சாட்சிகள் வேண்டும். பிறந்த நாளிலிருந்தே குழந்தையைப் பார்த்து வந்த கருவாட்டுக்காரம்மா உடனே சம்மதித்தாள். இன்னொருவர்?

"யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லு. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றாள் விடுதியைக் கவனிக்கும் ஃபெலீசா.

"வேணாங்க்கா. எம்பொண்ணோட முதல் காகிதமே பொய்யா இருக்கக் கூடாது. அந்த ரிக்‌ஷாக்காரரையே கூட்டிட்டு வரேன்."

"பேரு தெரியுமா?"

"தெரியாது. மூஞ்சி தெரியும்."

ஃபெலீசா சிரித்துவிட்டாள்.

காலையில் விடுதித் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, தினமும் ஒரு ரிக்‌ஷா நிறுத்தமாக மரிவிக் நடந்தாள். "புருஷன் ஓடிட்டானா?" என்று சிலர் கேலி செய்தார்கள். "அவனை யாரு தேடுறா? நல்ல மனுஷனைத் தேடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போனாள். பதினோராம் நாள், மழையில் பிரசவமான கதையைக் கேட்ட ஒரு கிழவர், "குலாஸா இருக்கும். முட்டி போச்சு அவனுக்கு. படகுத்துறையில சோளம் அவிச்சு விக்கிறான்" என்றார்.

குலாஸ் அவளைக் கண்டதும் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"என் சட்டையைக் கொண்டு போனவதானே நீ?"

குழந்தையைச் சுற்ற அவர் கழற்றிக் கொடுத்த சட்டை அது.

"அது கிழிஞ்சே போச்சுண்ணே. ஒரு கையெழுத்து வேணும்."

"சட்டையும் போச்சு, இப்போ கையெழுத்தா?" என்றவர், சோளப் பானையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு நொண்டிக்கொண்டே கிளம்பினார்.

பதிவு அலுவலகத்தில், "பிறந்த இடம்?" என்று எழுத்தர் கேட்டார். குலாஸ் தெருப் பெயரையும், எந்த மருந்துக் கடைக்கு எதிரே என்பதையும் சொன்னார். மழை எப்போது விட்டது என்பதையும் சொன்னார். அதை யாரும் கேட்கவில்லை.

ஜூனில் லிசெல் பள்ளிக்குப் போனாள். விடுதிக் கெடு முடிய இரண்டு மாதம் இருக்கையில், நூடுல்ஸ் கடை வேலையோடு தனி அறையும் பார்த்துக்கொண்டு மரிவிக் வெளியேறினாள். அவள் கட்டில் அன்று மாலையே இரட்டைக் குழந்தைகளோடு வந்த ஒருத்திக்குப் போனது.