வூடு தெரியாத மேக்ரோ

மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான். அந்த ஒரு வகுப்பில் என்னை மிஞ்ச மாரண்டஹள்ளி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. தக்காளி மண்டியில் பெட்டி தூக்கும் இந்தத் தலையை நம்பித்தான் எங்கள் மாதா கோயிலின் விக்கிப் பக்கத்தை ஒப்படைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது.

பக்கத்தை உருவாக்கியவர் ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டில் ஜெபக் கூட்டம். அதற்கான அறிவிப்பை ஒரே முறை எழுதி, மேக்ரோ என்கிற அச்சாக வைத்துவிட்டார். தேதியும் கிழமையும் வேரியபிள், தானாக மாறிக்கொள்ளும். வீடு, நேரம் இரண்டும் பாராமீட்டர். பெயரை அடித்து, சமக்குறி போட்டு, வாராவாரம் நான் நிரப்ப வேண்டும்.

"வீடுங்கற எடம் காலியா இருந்தா, 'கோயில்'னு அதுவே போட்டுக்கும்ண்ணா. யாரும் தெருவுல நிக்க வேணாமில்ல?" என்றார்.

பெட்டி ஒன்றுதான், உள்ளே போகும் தக்காளிதான் வேறு என்று புரிந்துகொண்டேன். அன்று மண்டியில் நான் அளந்த அளப்புக்கு, அமெரிக்காவே என்னைக் கூப்பிட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் நிரப்பிய முதல் சனிக்கிழமையே தண்ணீர் டேங்க் பக்கத்து அக்காவின் முறை. அவர் கூரை வீட்டில் இருந்தவரை, "எடம் பத்தாது" என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிவிடுவோம். கூலி வேலைக்குப் போய்த் தளம் போட்டு, இப்போதுதான் முதல் கூட்டம்.

ஆறு மணிக்கு எல்லோரும் கோயிலில் நின்றோம். விக்கிப் பக்கத்தில் 'இடம்: கோயில்' என்றிருந்தது. அதில் அக்கா வீடு என்று டைப் அடித்தவன் நானேதான். ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னதும் நம்பிவிட்டேன். அக்காவின் போன் வந்தது.

"ஏண்ணா, தளம் போட்டும் எங்க வூடு பத்தலீங்களா? சுண்டல் ஆறிப்போச்சு."

ஓசூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தார்.

"என்ன அடிச்சீங்கன்னு எழுத்தெழுத்தாப் படிங்கண்ணா."

"வூ... டு... சமம்... டேங்க் பக்கத்துப் புது வூடு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும், அப்படிச் சிரித்தார். "நான் 'வீடு'ன்னு வெச்சிருக்கேன். 'வூடு'ன்னா அதுக்குத் தெரியாதுண்ணா."

"நம்மூரு பக்கத்துக்கு வூடு தெரியாதா? அது எந்தூருங்க?"

"அதானே? நீங்க எல்லாரையும் கூட்டிட்டு நடங்க, நான் பாத்துக்கறேன்."

டேங்க் வருவதற்குள் பக்கம் மாறியிருந்தது. என் எழுத்தைத் திருத்திவிட்டார் போல என்று திறந்து பார்த்தேன். நான் அடித்த 'வூடு' அப்படியே இருந்தது. மாறியிருந்தது மேக்ரோ. முதலில் 'வீடு' இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் 'வூடு', அதுவும் இல்லையென்றால்தான் கோயில். ஓடும் பஸ்ஸில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார். என் மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் நான் நான்காம் வகுப்பைப் பார்த்திருப்பேன்.

அக்கா வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். போனை நீட்டினேன்.

"எனக்கு எங்க கண்ணு தெரியுது? நீங்களே படிங்க."

"இன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணி. இடம்: டேங்க் பக்கத்துப் புது வூடு."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். உள்ளே போனோம். பாதிப் பேர்தான் போக முடிந்தது.

"இப்பவும் எடம் பத்தல பாருங்க!" என்று சிரித்துக்கொண்டே, சுண்டல் குண்டானை வாசலுக்குத் தூக்கிவந்தார் அக்கா.