கண்டி வரை மண்ணெண்ணெய்

ராகலைப் பக்கம் போய் விஜிதரன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'பெற்றோல் மூக்கன்' என்று கேட்டால் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலுக்கே கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் வழிகாட்டிப் போவதுதான் அவன் பிழைப்பாக இருந்தது. நுவரெலியாவில் புறப்பட்டால் எல்ல, அறுகம்பே, யாழ்ப்பாணம் என்று நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவான். எந்த ஷெட்டில் பெற்றோல் அடித்தாலும் டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். தொண்ணூற்றைந்து ஒக்டேன் என்றால் அவன் வண்டி றம்பொடை ஏற்றத்தில் வாய் திறக்காமல் ஏறும். தொண்ணூற்றிரண்டு என்றால் கொஞ்சம் முணுமுணுக்கும். கலப்படம் என்றால் உள்ளே 'டக் டக்' என்று தட்டும். அந்தத் தட்டல் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட துரையையும் ஓரங்கட்ட வைத்துவிடுவான். பிஸ்டன் சாகிற சத்தம் அது என்பான். பெரிய டாக்டர் என்று நினைப்பு.

கொரோனா வந்தது, வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது, அவன் வேலை பார்த்த சுற்றுலாக் கம்பெனி மூடியது. முதலாளி நாட்டை விட்டுப் போகும்போது இவன் ஓட்டிக்கொண்டிருந்த பழைய இருநூற்றைம்பது சீசீ வண்டியை இவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடமே மனைவி சுதர்ஷினிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கண்டிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரித்தால்தான் அவள் மூச்சு ஓடும் என்றார்கள். நாட்டையே சுற்றிய வண்டி, அதற்குப் பிறகு ராகலைக்கும் கண்டிக்கும் மட்டும் ஓடியது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன் கடைசியில் பெற்றோல் அடியோடு நின்றது. கப்பல் வருகிறது, வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கப்பலை நம்பி மனிதர்கள் ஷெட் வாசலில் படுத்துக் கிடந்தார்கள். பஸ் இல்லை. தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை. வான்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முறை தவறிப்போனது. திங்கட்கிழமை சுதர்ஷினியின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு முட்டியது. செவ்வாயும் தவறினால் அவள் இல்லை. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ராகலை டவுனில் ஹார்ட்வெயர் கடையும் லீக்ஸ் தோட்டமும் வைத்திருக்கும் முனாப் நானாவிடம் ஓடினான்.

"தம்பி, பெற்றோல் அரைப் போத்தல்தான் இரிக்கி. வாட்டர் பம்புல இருந்து எறக்கினது. மண்ணெண்ணெ வேணும்னா ஒரு கேன் தாரன்."

"மண்ணெண்ணெய வச்சு நான் என்னங்க நானா செய்றது?"

"பம்புக்கு என்ன செய்றோம்? பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறோம். நிப்பாட்டாத வரைக்கும் ஓடும். நிண்டு சூடு ஆறிச்சோ, அதோட சரி."

தொண்ணூற்றிரண்டு அடிக்கவே முகம் சுளித்தவன் அவன். அவனிடம் போய் மண்ணெண்ணெய்! ஆனாலும் கேனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலையில் பெற்றோல் போத்தலை ஹேண்டிலில் தலைகீழாகக் கட்டி, சேலைன் குழாய் ஒன்றால் கார்புரேட்டருக்கு இணைத்தான். டாங்கியில் மண்ணெண்ணெய். குளிர்காற்று எஞ்சினை ஆறவைக்காமல் இருக்க முன்னால் உரச் சாக்கைக் கட்டினான். வழியில் நின்றுபோனால் இருக்கட்டும் என்று ஒரு வாய்ப் பெற்றோலை மிச்சம் பிடிக்க நினைத்திருந்தான். ராகலைக் குளிருக்கு எஞ்சின் சூடேறுவதற்குள் போத்தல் காலியாகிவிட்டது. குழாயை மாற்றினான். வெள்ளைப் புகை லயத்தை மூடியது. வண்டி இருமியது, ஆனால் ஓடியது.

சால்வையால் அவளைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினான்.

"சுதா, கண்டி போற வரைக்கும் எங்கயும் நிப்பாட்ட ஏலாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க. போங்க."

ஏற்றத்தில்தான் ஆபத்து என்று நினைத்திருந்தான். இறக்கம் அதைவிடப் பாவியாக இருந்தது. லபுக்கலைக்குக் கீழே வளைவு வளைவாக இறங்கும்போது எஞ்சின் ஆறிக்கொண்டே வந்து, விட்டு விட்டு விக்கியது. ஒரு கையால் கிளச்சைப் பிடித்து மறு கையால் எக்ஸலேட்டரை முறுக்கி, இறக்கத்திலும் அதை அலறவைத்துக்கொண்டே வந்தான். அப்போதுதான் அவன் தோளில் தட்டினாள்.

"என்னங்க, வாந்தி வருது. ஒரு நிமிஷம்."

"ஏலாது சுதா. அப்படியே எடு. என் மேலயே எடு."

அவன் முதுகு சுடச்சுட நனைந்தது. "மன்னிச்சிருங்க" என்றாள் அவள், சால்வை நுனியால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. சாகக் கிடக்கிறவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அவன் வாய்விட்டு அழுதான். ஹெல்மட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

புஸல்லாவ ஏற்றம் வந்ததும் ஆரம்பித்தது. டக், டக், டக்.

எத்தனை பேரை இந்தச் சத்தத்துக்காக நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறான்! இரண்டு கால்களுக்கும் நடுவில் பிஸ்டன் வெந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. நிறுத்தினால் வண்டி பிழைக்கும். அவன் எக்ஸலேட்டரை இன்னும் முறுக்கினான். "மன்னிச்சிரு" என்று இந்த முறை அவன் சொன்னான், வண்டியிடம். கம்பளையில் தட்டல் இரும்பை அரைக்கும் சத்தமாக மாறியது. பேராதனையில் சைக்கிள்கள்கூட அவனை முந்திக்கொண்டு போயின.

ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் நுழைந்து சால்வையை அவிழ்த்து, தள்ளுவண்டியில் அவளை ஏற்றிவிட்ட பிறகுதான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். அவள் உள்ளே போய் மறைந்ததும், ஒரு நப்பாசையில் கிக்கரை மிதித்தான். கால் வெறுமனே கீழே போனது. மறுபடி மிதித்தான். எஞ்சினுக்குள் எந்தப் பிடிப்பும் இல்லை. அவன் மூன்றாம் முறை மிதிக்கவில்லை. டாங்கி மேல் ஒரு தரம் கையை வைத்துவிட்டு உள்ளே நடந்தான்.

மாலையில் மெஷினைக் கழற்றும்போது சுதர்ஷினி முகத்தில் மறுபடி களை வந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரியிடம் காலைக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கேட்டாள்:

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேங்க?"

"நல்லா இருக்கு."

மெஷினைக் கழற்றிய சிங்கள நர்ஸ் மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கட்டாயம் வரணும். இனி ஒரு முறை கூட விட ஏலாது."

அவன் வாயைத் திறப்பதற்குள் சுதர்ஷினி முந்திக்கொண்டாள்.

"வந்துருவோம் மிஸ். எங்களுக்குத்தான் பைக்கு இருக்கே."